ஹெல்காவின் ஆட்சேபம்

ஹெல்காவை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. இன்று மத்தியானம் அவள் வேலை பார்த்த ஆபீசில் எல்லார் கம்ப்யூட்டர் திரையிலும் அவள் பெயரில் ஒரு வரி வந்து நின்றது.

"நாலாவது கட்டத்தைப் பாருங்க. நான் ஒப்புக்கலை. - ஹெல்கா."

ரொட்டியைக் கடிக்கப் போன யோர்னுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"ஐயோ, அவளேதான்! இப்படித்தான் மொட்டையா எழுதுவா."

நார்வேயின் வடகோடி ஊரான ட்ரோம்ஸோவில் டிசம்பர் மத்தியானம் என்றால் வெளியே சூரியனே எழாத இருட்டு. போதாததற்கு இது வேறு.

அது ஆஸ்பத்திரியின் மரபணுப் பிரிவு. குழந்தைகளின் ரத்த விவரத்தை அலசி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும் புரோகிராம். ஹெல்கா எழுதியது. அதைத்தான் இப்போது மாற்றி எழுதியிருந்தார்கள். ஒருத்தர் மாற்றினால் மற்றவர்கள் படித்துப் பார்த்து 'சரி' போட வேண்டும். எல்லாரும் போட்டாயிற்று. நாளைக்கு முதல் குழந்தையின் ரத்தத்தை அதில் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

"யாரோ விளையாடறாங்க. வேலையைப் பாருங்க," என்றாள் தலைவி மாரித்.

திரையில் அடுத்த வரி வந்தது.

"இன்னும் பார்க்கலையா?"

அவ்வளவுதான். மாரித்தும் யோர்னும் மற்றவர்களும் ஒரே திரையில் தலையை நுழைத்துக்கொண்டு நாலாவது கட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்.

வேலை பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டாமே என்று, ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த விடையைச் சேமித்து வைக்கும் புது ஏற்பாடு அது. சேமித்த இடத்தில் அது எந்தக் குழந்தையுடையது என்ற அடையாளமே இல்லை!

மாரித் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாதியில நின்னா, முந்தின குழந்தையோட விடையை அடுத்த குழந்தைக்கு எடுத்துக் கொடுத்துடும். கடவுளே, அந்த மருந்து உயிரையே எடுத்திருக்குமே!"

ஹெல்காவின் காலி மேஜைப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. யோர்ன் மாரித்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஹெல்காவின் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றது எஸ்கில். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன்.

மாரித் பாய்ந்தாள். "நீயா? செத்தவ பேர்ல எழுத உனக்கு வெக்கமா இல்லை? கண்டுபிடிச்சதை உன் பேர்லயே எழுதித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எழுதினேனே மாரித். போன வாரம், இதே வார்த்தை. அதுக்குக் கீழேயே எல்லாரும் 'சரி' போட்டுட்டு, காபி குடிக்கப் போயிட்டீங்க."