போட்டோ கேட்காத சம்பந்தம்

தட்டில் இருந்தது அதிரசமா, முறுக்கா என்று பெண்ணின் அப்பா நாச்சிமுத்துவுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் குருமூர்த்தி தன் பட்டன் போனை எடுத்து வைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எண்களெல்லாம் தேய்ந்துபோன, ரப்பர் பேண்ட் சுற்றிய போன்.

"போர்வெல் போடற ரிக்கு வண்டி நாலு ஓடுதுங்க. ஆனா எனக்கு இதே போதும்" என்றார். வேட்டியை ஒருபக்கமாக ஒதுக்கி, முட்டைக்கூடை மேல் உட்காருகிறவர் போல மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார்.

நாச்சிமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது. மகள் சரிதாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. தரகர்களின் வாட்ஸ்அப் குழுவில் தன் போட்டோ போகக் கூடாது என்று அவள் ஒரே பிடியாக நின்றதில், வந்த சம்பந்தமெல்லாம் போனிலேயே முறிந்துபோயிற்று. போட்டோ கேட்காமல் மகனைக் கூட்டிக்கொண்டு ராசிபுரம் வரை பெண் பார்க்க வந்தது, திருச்செங்கோட்டு குருமூர்த்தி ஒருவர்தான். இதுவும் கை நழுவினால் அடுத்தது எங்கே என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை.

மகளின் பிடிவாதம் அவருக்கே சில நேரம் எரிச்சலூட்டும். கல்லூரியில் கூடப் படித்தவள் என்று சொல்லிக்கொண்டு கவிதா என்று ஒருத்தி இரண்டு மாதமாகச் செல்லில் மெசேஜ் போட்டு அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேக்கப் இல்லாமல், வீட்டில் இருக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ வேண்டுமாம். இப்படி ஒருத்தி படித்ததாக ஞாபகமே இல்லை என்று சரிதா பதிலே போடவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு அனுப்பினால் என்ன தேய்ந்தா போய்விடும் என்று கேட்ட அப்பாவிடமும் சில நாள் பேசவில்லை. இந்த விஷயம் வீட்டு வாசலைத் தாண்டியதுமில்லை.

குருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். காலம் கெட்டுக் கிடப்பதைப் பற்றி வெகுநேரம் பேசினார். தின்கிற சோற்றை ஊருக்குக் காட்டுகிறார்கள், கட்டுகிற சேலையைக் காட்டுகிறார்கள், எழவு வீட்டில் மாலையோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள் என்றார். மாப்பிள்ளை சிவபிரகாஷ் அதற்கெல்லாம் தலையாட்டியபடி, அணைத்து வைத்திருந்த தன் செல்லின் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பொம்பளப்புள்ள மொகம் கண்டவன் கையில சுத்தப்படாதுங்க" என்று முடித்தார் குருமூர்த்தி. "நாங்க விசாரிக்காம ஒரு ஊட்டுப் படி ஏற மாட்டோம். சினேகிதியே கெஞ்சுனாலும் ஒரு போட்டோ தராத புள்ள உங்க புள்ள. அந்த அடக்கத்துக்குத்தானுங்க வந்தோம்."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. பெருமையில் அவருக்கு நெஞ்சு விம்மியது. சமையலறையில் டம்ளர்களின் ஓசை சட்டென்று நின்றது அவர் காதில் விழவில்லை.

"காப்பி கொண்டா சாமி" என்று உள்ளே பார்த்து மகளுக்குக் குரல் கொடுத்தார். வெகுநேரம் யாரும் வரவில்லை.

கடைசியில் சரிதா வந்தாள். கையில் காப்பித் தட்டு இல்லை, செல் இருந்தது. கதவோரம் நின்று, பட்டன் போனோடு உட்கார்ந்திருந்த குருமூர்த்தியைத் திரைக்குள் அடக்கி ஒரு படம் எடுத்தாள்.

"என்ன சாமி இது" என்று நாச்சிமுத்து பதறி எழுந்தார். வாசல் வரை வந்த சம்பந்தம் கண்ணெதிரே கரைவது போலிருந்தது அவருக்கு. கட்டைவிரலால் திரையை ஒருமுறை தட்டினாள்.

மெசேஜ் வந்த சத்தம் போல எங்கோ குருவி ஒன்று கத்தியது. எல்லோரும் பட்டன் போனைப் பார்த்தார்கள். அது ரப்பர் பேண்டோடு இருண்டு கிடந்தது.

சரிதா மறுபடி தட்டினாள். குருவி மறுபடி கத்தியது, குருமூர்த்தியின் வேட்டிக்குள்ளிருந்து. அவர் இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொண்டார்.

"எடுத்துப் பாருங்க மாமா, கவிதாக்கா கேட்ட போட்டோவ அனுப்பியிருக்கேன்."