பின்னாலேயே வந்த ஃபோர்மேன்

“முட்டி வீங்கிப் போச்சுன்னு லீவு எழுதிக் குடுத்துட்டு நடுரோட்டுல ஓடப் போறியே, உனுக்கு இன்னா கொழுப்பாய்யா?”

மனைவி கன்னியம்மா கேட்டது நியாயம்தான். வேம்புலி துண்டை முண்டாசாகக் கட்டி, புருவம் மறையும் வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஜனவரியில் பெங்களூரில் இருபத்தாறு மைல் ஓட்டப் பந்தயம். அதற்குப் பழகத்தான் இந்தப் பொய் முட்டிவலி. மூன்று வாரமாக, விடிந்ததும் விடியாததுமாக அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறான். கம்பெனி ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

“தனியா ஓடி இன்னா பிரயோஜனம் மாமே? நாலு பேரோட ஓடிப் பாத்தாதான் உன் மூச்சு உனுக்கே தெரியும்” என்று ஏற்றிவிட்டவன் மச்சினன் துலுக்கானம். புயல் நிவாரண நிதிக்காக அவனுடைய மன்றம் நடத்தும் ஓட்டம். பட்டாபிராமில் ஆரம்பித்து அம்பத்தூரில் முடியும், ஏழு மைல். நன்கொடைச் சீட்டையும் அவனே வாங்கி வந்துவிட்டான்.

“உங்க மேனேஜருதான் கொடி ஆட்டப் போறாராம். பாத்துட்டா?” என்றாள் கன்னியம்மா.

“எண்ணூறு பேர் வேல செய்யுற எடம். என் மூஞ்சி அவுருக்கு இன்னாத்த தெரியும்? எங்க ஃபோர்மேன் ரகுநாதன் பாத்தாதான் வம்பு. அந்தாளு ஞாயித்துக்கெழம ஊட்ட உட்டே வரமாட்டாரு.”

“பொய் லீவுன்னு போன மாசந்தான் ரெண்டு பேர வேலைய உட்டுத் தூக்கினாங்க. உன்னியும் தூக்கிட்டா ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு நான் எங்க போவேன்?”

வேம்புலி முண்டாசை இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

மேனேஜர் கொடியை அசைத்தார். அசைத்த கையோடு திறந்த ஜீப்பில் ஏறி, ஓடுபவர்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ஜீப் முன்னால் மெல்ல நகர்ந்தது. வேம்புலி கூட்டத்தோடு கூட்டமாக ஓடினான்.

அரை மைல்கூடப் போயிருக்காது. முதுகை ஒட்டி ஒரு காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தான். காக்கி அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக ஃபோர்மேன் ரகுநாதன்!

“வேம்புலிதானே நீ?”

முண்டாசாவது மண்ணாங்கட்டியாவது. ஆறடி உயரத்தையும் அதற்கேற்ற அகலத்தையும் எந்தத் துண்டு மறைக்கும்? மனிதர் முந்திக்கொண்டு போகட்டும் என்று வேம்புலி இடது பக்கம் ஒதுங்கினான்.

“ஒதுங்காதே! நேரா ஓடு!” அடிக்குரலில் அதட்டினார் ரகுநாதன்.

வலது பக்கம் ஒதுங்கினான்.

“நேரா ஓடுன்னு சொல்றேன்ல!”

சரி, முட்டியைத்தான் சோதிக்கிறார். ஏழு மைலையும் கண்ணால் பார்த்துவிட்டு நாளைக் காலையில் மெமோவில் எழுதப்போகிறார். வேம்புலி சட்டென்று காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் பார்த்தான்.

“நடிக்காதே, ஓடுய்யா!”

அதற்குமேல் என்ன செய்வது? ஓடினான். ஆவடி கடைத்தெருவில் யாரோ நீட்டிய மோரைக்கூட வாங்காமல் ஓடினான். ஏரிக்கரையில் ஒருநாளும் வராத வேகம் அன்று வந்தது. அப்படியும் அந்தக் காலடிச் சத்தம் ஒரு முழம்கூட விலகவில்லை. கன்னியம்மா பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அம்பத்தூர்ப் பந்தல் தெரிந்தது. மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கி, எல்லைக்கோட்டருகே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அங்கே போய் நின்றால் அவர் எதிரிலேயே ரகுநாதன் போட்டுக் கொடுத்துவிடுவார். பந்தலுக்கு ஐம்பது கஜம் இருக்கும்போது வேம்புலி சைக்கிள் கடை ஓரமாக இருந்த சந்துக்குள் பாய்ந்தான்.

பின்னாலேயே ரகுநாதனும் பாய்ந்தார்.

எதிரே சுவர். தப்பிக்க வழியில்லை. வேம்புலி தடாலென்று அவர் காலில் விழுந்தான். “சார், புள்ளகுட்டிக்காரன் சார்! முட்டிவலி பொய்தான், ஒத்துக்கறேன். பெங்களூர் ஓட்டத்துக்குப் பழகத்தான் லீவு போட்டேன். மெமோ மட்டும் குடுத்துடாதீங்க சார்!”

ரகுநாதன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். சந்து முனைக்குப் போய் தலையை மட்டும் நீட்டிப் பந்தலைப் பார்த்தார். யாரும் தொடர்ந்து வரவில்லை. “அப்பாடா!” என்று திரும்பி வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.

“எவன்யா உனக்கு மெமோ குடுக்கறது? மஞ்சக்காமாலைன்னு எழுதிக் குடுத்துட்டு ரெண்டு வாரமா நானும் அதே பெங்களூர் ஓட்டத்துக்குத்தான் பழகிக்கிட்டு இருக்கேன். மேனேஜர் வருவார்னு இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. நீ மட்டும் குறுக்கே மறைச்சுக்கிட்டு ஓடலேன்னா, ஜீப்புல இருந்தபடியே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்யா!”