எல்லாமே ஆமை

"நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள கீழ குந்திடுறாருக்கா! எறும்பைப் படம் எடுக்கிறாராம், எறும்பை!"

பி.டி. டீச்சர் எதிர்வீட்டு அக்காவிடம் பொருமித் தீர்த்தாள்.

மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் கைத்தடியோடு நடக்கிறாள். தினமும் நடந்தால்தான் கால் பழையபடி வரும், இல்லையென்றால் கடைசிவரை தடிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். துணைக்குப் போகிற புருஷனுக்கோ மூக்குக்கண்ணாடிக் கடையைப் பார்த்துக்கொண்டோமா இருந்தோமா என்றில்லாமல், இந்த வயதில் பூச்சிப் பைத்தியம்.

"பொண்டாட்டி நொண்டிக்கிட்டு வர்றா, இவருக்கு எறும்பு கேக்குதாக்கும்!" அக்கா முகவாயில் கை வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் நிம்மதிக்கா. 'வலிக்குதா, நிக்கலாமா'ன்னு கேட்டு உயிரை வாங்குறதில்ல. என் தம்பி அப்படித்தான் பாவம் பார்த்தான். பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓட ஓட விரட்டியவள். தனக்காக ஒருத்தர் நிற்பதை அவளால் தாங்க முடியாது.

அன்று சாயங்காலம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. வட்டாரத்துப் பூச்சி, பறவைகளைப் படம் எடுத்துக் கணக்கெடுக்கும் குழுவின் தலைவர்.

"டீச்சர், நீங்களாவது சார்கிட்ட சொல்லுங்க. படத்தைப் பார்த்து இது இன்னதுன்னு சொல்ற எங்க ஆப்ல, அவர் ஏத்துற படமெல்லாம் ஆமைன்னே வருது. செடியைக் காட்டினாலும் ஆமை, செவுத்தைக் காட்டினாலும் ஆமை! அதுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு நினைச்சேன். கடைசியில பார்த்தா, ஃபைலுக்கு சார் வெச்சிருக்கிற பேரே ஆமை. அந்தப் பேரை நம்பி அதுவும் 'ஆமையா இருக்கலாம்'னு சொல்லுது."

"ஆமையா?"

"ஆமா டீச்சர். ஆமை தபால் பெட்டி, ஆமை பேக்கரி, ஆமை பாலம்... இப்படியே போகுது."

டீச்சருக்குச் சுருக்கென்றது. தெருவில் தடியை ஊன்றி ஊர்ந்துகொண்டு போகிற ஆமை வேறு யார்? கட்டினவனே கேலி செய்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. வரட்டும் மனுஷன், நாளையிலிருந்து நடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

குழுத் தலைவர் விடுவதாக இல்லை.

"அது போகட்டும் டீச்சர். ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுறவரு, அவர் எடுத்த ஒரு படத்துலயாவது பூச்சி இருக்கணுமே! தபால் பெட்டிகிட்ட வெறும் தரை. பேக்கரிகிட்ட வெறும் செவுரு. அங்கெல்லாம் என்னத்தைப் பார்த்துதான் நின்னாரோ!"

டீச்சர் அந்த இடங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

தபால் பெட்டிப் பக்கத்தில்தான் முதன்முதலாகக் கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அவர் எறும்பு தேடிய நேரத்தில் அவள் பெட்டியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு பேக்கரி வாசலிலும் அப்படித்தான். பாலம் வரை வந்து சேர்ந்தது இன்று காலையில்தான்.

"அந்தப் படம் எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா டீச்சர்?"

"அழிச்சிடுங்க சார். அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை. பாலத்தைத் தாண்டி, பூங்கா கேட் கண்ணில் பட்டதும் கால் கெஞ்ச ஆரம்பித்தது. அவர் வழக்கம்போல் பூச்சி தேடிக் குனியப் போனார். அதற்குள் டீச்சர் தானே நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்தக் கம்பத்துல ஏதோ பூச்சி இருக்கு. எடுங்க."

அவர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் காணோமேம்மா..."

"அது எனக்கும் தெரியும். நிதானமா எடுங்க. பேரு மட்டும் முயல்னு வைங்க."