முன்னுரை மட்டும்

“ஏம்மா, இதுக்குப் பேர் முன்னுரையா?” தேர்வாளர் டாக்டர் பஹ்கத் ஆய்வேட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

நஜ்லா தலைகுனிந்து நின்றாள். பின்வரிசைகளில் அவள் வீட்டார் மொத்தப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைமார் மடியில் இனிப்புத் தட்டுகள்.

“ஏரி மீனவங்களைப் பத்தி ஆய்வு. நீ எகிப்தை ஆண்ட பாரோ மன்னன் காலத்துலேர்ந்து ஆரம்பிக்கிறே. புருல்லுஸ் ஏரிக்கு எப்பம்மா வந்து சேருவே?”

அரங்கம் சிரித்தது.

“முதல்ல பிரச்சினையைச் சொல்லணும். மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க, எதை விட்டுட்டாங்கன்னு காட்டணும். அந்த விட்டுப்போன இடத்துலதான் உன் கேள்வி வந்து நிக்கணும். உன் கேள்வி எங்கே நிக்குது தெரியுமா? கடைசிப் பக்கத்துல, அநாதையா!”

“தப்புதான், டாக்டர்.”

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை டாக்டர் சுஹைர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நஜ்லாவின் பயம் வேறு. ஏதாவது ஓர் அத்தியாயத்தைத் திரும்பச் செய்யச் சொல்லாமல் பஹ்கத் யாரையும் விட்டதில்லை. போன வருடம் மாட்டியது சக மாணவன் ஹாஸிமின் கள ஆய்வு. அவன் இன்னும் ஊர் ஊராக அலைகிறான். அவளுக்கும் அப்படி ஆனால், மறுபடி படகு, மறுபடி குளிர். இருமுறை தள்ளிப்போன கல்யாணம் மூன்றாம் முறையும் தள்ளிப்போகும். மாப்பிள்ளை பூங்கொத்தோடு முன்வரிசையில்தான் இருந்தான்.

“அப்புறம், கள ஆய்வு...” பஹ்கத் பக்கங்களைப் புரட்டினார்.

நஜ்லா ஓரக்கண்ணால் முன்வரிசையைப் பார்த்தாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “அதுக்கு ஏது நேரம்? முன்னுரையே எல்லாத்தையும் தின்னுடுச்சே!”

தேர்வுக் குழு உள்ளறைக்குப் போனது.  நீண்ட நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“டாக்டர் பட்டம் வழங்கப்படுகிறது. முன்னுரையை மட்டும் மாற்றி எழுதித் தர வேண்டும்.”

அத்தைமார் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை பூங்கொத்தைத் தவறவிட்டான்.

தாழ்வாரத்தில் சுஹைர் அவளைக் கட்டிக்கொண்டார்.

“மூணு மாசம் டைம் குடுத்திருக்கார்,” கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள் நஜ்லா. “நாளைக்கே குடுத்துடட்டுமா, டாக்டர்?”

“காரியத்தைக் கெடுத்துடாதே,” சுஹைர் குரலைத் தாழ்த்தினார். “நீ முதல்ல எழுதின நல்ல முன்னுரை இன்னும் ரெண்டு மாசம் என் அலமாரியிலயே கிடக்கட்டும். இப்பவே நீட்டினா, அவருக்குன்னே கெடுத்து வச்சோம்னு மனுஷன் கண்டுபிடிச்சுடுவார்.”