ஆளில்லாத படம்

"தன்னந்தனியவோ அண்ணை?" சுவரில் தொங்கிய படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் கனகாம்பிகை.

"தனியத்தான்," என்றார் அருள்நாயகம். "ஸ்கொட்லாந்தின்ர வடக்குக் கரை வரைக்கும் நடை. முதுகில வீடு, வீட்டுக்குள்ள அடுப்பு. நாள்கணக்கில மனுசவாடையே இல்லை."

தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பாலேஸ்வரி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அஜின்கோர்ட் மோலில் வாசலோடு கார் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால், சாமான் வாங்காமலே வீடு திரும்புகிற மனிதர்.

படத்தில் ஒரு மொட்டை மலை. அடிவாரத்தில் கருநிற ஏரி. கரையில் கைக்குட்டை அளவில் ஒரு பச்சைக் கூடாரம். வேறொன்றும் இல்லை.

"படத்தில உங்களைக் காணேல்லையே?" என்றார் கனகாம்பிகையின் கணவர் தில்லையம்பலம்.

"தனியப் போனால் ஆர் எடுக்கிறது? எடுக்கிற ஆள் படத்துக்குள்ள வராது."

தில்லையம்பலம் வாய்விட்டுச் சிரித்தார். "தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குள்ள எங்கட சனம் பொட்டணியைச் சுமந்துகொண்டு உயிர் தப்ப நடந்தது. நீங்கள் பிளேனுக்குக் காசு குடுத்துப் போய் நடந்திருக்கிறியள். நல்ல விசர்."

"விசர்தான்," என்று அருள்நாயகம் அந்தப் பைத்தியப் பட்டத்தை விருதாக வாங்கியவர்போலத் தலை குனிந்தார்.

அவர்கள் ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்தது நிலாணியைப் பார்க்க. நிலாணிக்கும் அவர்கள் மகன் ராகுலனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போய்விட்டது. இனிக் கனகாம்பிகைக்குப் பிடிக்க வேண்டும். அதுதான் மலை. வேறொரு பெண் ஒட்டாவாவில் தனியே அறை எடுத்துப் படித்தாள் என்ற ஒரே காரணத்துக்காகப் போன மாதம் ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிட்டவள். 'தனியத் திரிஞ்ச பிள்ளை' என்பது அவள் அகராதியில் நோயின் பெயர்.

காலையிலிருந்து நிலாணி தாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "அப்பா சொல்லுறதைச் சொல்லட்டும். நீங்கள் மட்டும் வாய் திறக்காதேங்கோ. ப்ளீஸ் அம்மா."

பாலேஸ்வரி வாய் திறக்கவில்லை. அருள்நாயகம்தான் மூடவில்லை.

"ஒரு ஆறு கடந்தனான். தண்ணி இஞ்ச மட்டும்," என்று நெஞ்சைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் கை கழுத்துக்கு ஏறியது. இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் மனிதர் மூழ்கியே போய்விடுவார் என்று பாலேஸ்வரி நினைத்தாள்.

"வழி தெரியாமப் போனால்?" என்றார் தில்லையம்பலம்.

"கையில கொம்பஸ் இருக்குத்தானே."

கொம்பஸை அவர் ஆயுளில் ஒருமுறைதான் தொட்டிருக்கிறார். சாமிப்படத்தை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று அறிய. அப்போதும் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அப்ப அக்கா தனிய இஞ்சை நிண்டவவோ?" கனகாம்பிகையின் குரல் சற்றுக் கூர்மையானது.

"சீ, இவ லண்டனில," அருள்நாயகம் முந்திக்கொண்டார். "இவவின்ர தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. சரக்குக்கறி காய்ச்சிக் குடுக்க ஆள் வேணுமே. இவவை அங்கை விட்டிட்டுத்தான் நான் வெளிக்கிட்டனான். தனிய விட்டால் இவவுக்குக் கென்னடி ஸ்டேசனில இருந்தே வீட்டை வரத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நிலாணியும் சிரித்தாள். பாலேஸ்வரியும் உதட்டைக் கொஞ்சம் விரித்து வைத்தாள்.

கனகாம்பிகைக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "பொம்பிளையள் அப்பிடித்தான் இருக்கவேணும். நிலாணி, கலியாணத்துக்குப் பிறகு வேலை முடிய ராகுலன் வந்து உம்மைக் காரில ஏத்துவான். பஸ், ட்ரெயின் எண்டு தனியத் திரியத் தேவையில்லை. என்ன?"

"ஓம் அன்ரி," என்று நிலாணி தலை குனிந்தாள்.

எதற்கும் எதிர்க்கேள்வி கேட்டுத் தாயின் உயிரை எடுக்கிற பிள்ளை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது, இவ்வளவு நேரமும் கணவர் மேல் சுகமாகச் சாய்ந்திருந்த பாலேஸ்வரியின் ஏளனம் மெல்ல எழுந்து அவள் பக்கமே திரும்பியது. படத்தைக் கழற்ற விடமாட்டேன் என்று காலையில் ஒற்றைக்காலில் நின்ற தாய், பொய்க்கு மட்டும் ஏன் தலையாட்டினாள்? குனியும் வித்தையை நிலாணி வேறு யாரிடம் கற்றிருப்பாள்?

"இரவில பயமாய் இருக்கேல்லையோ அண்ணை?" என்று கேட்டாள் கனகாம்பிகை.

"பயமோ? எனக்கோ?" அருள்நாயகம் சாய்ந்து உட்கார்ந்தார். "படுத்தால் விடியத்தான் முழிப்பு."

தட்டு மேசையில் இறங்கிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பயம்தான்," என்றாள் பாலேஸ்வரி. "முதல் இரவு ஒரு மான் கத்தினது. அது மான் எண்டு தெரிய விடிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் தெரிஞ்ச தேவாரம் முழுக்கப் பாடி, தெரியாததையும் பாடினது. அடுத்த நாள் திரும்பிப் போகத்தான் நினைச்சது. திரும்பிப் போகவும் அதேயளவு தூரம் இருந்ததாலதான் முன்னுக்கு நடந்தது."

"அம்மா," என்று நிலாணி மெல்லக் கெஞ்சினாள்.

"உதெல்லாம் லண்டனில தங்கச்சி வீட்டில இருந்த உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?" என்றாள் கனகாம்பிகை.

"எனக்குத் தங்கச்சியே இல்லை," என்றாள் பாலேஸ்வரி. "சம்பந்தம் பேசிறதெண்டால் இதையும் வைச்சுக்கொண்டு பேசுங்கோ. அந்தப் படத்தை எடுத்தது நான்."