இருப்போர் எண்ணிக்கை

"நான் இல்லைன்னு சொல்லிடு" என்றார் டிக்கெட் பரிசோதகர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வயதுக்கு மீறிய வேகத்தில் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அழைப்பு மணி இரண்டாம் முறை அடித்தது. ஜன்னல் வழியே எதைப் பார்த்து மனிதர் இப்படி வெளிறினார் என்று நர்ஸம்மாவும் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கனத்த பை, கையில் படிவக் கட்டு. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர். இதற்கா இந்த ஓட்டம்?

காலையிலிருந்தே அவர் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் கேட்க அரசாங்கம் யார், மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாதா என்று. முப்பத்தோரு வருஷம் ரயிலில் தூங்குகிறவர்களைத் தட்டியெழுப்பிப் பெயரும் வயதும் கேட்டவர் பேசுகிற பேச்சா இது என்று அவள் கேட்டாள். அது வேறு, இது வேறு என்றார்.

நர்ஸம்மா கதவைத் திறந்தாள். டீச்சர் ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் படிவத்தை விரித்தாள். சுவர், கூரை, குடிநீர் எல்லாம் சுலபமாக முடிந்தன. பெயர், வயது அறுபத்தொன்று, ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அடுத்த கேள்வியில்தான் வண்டி நின்றது.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

நாற்பது வருஷமாக எல்லாப் படிவத்திலும் 'ஆகவில்லை' என்றே எழுதிப் பழகிய கை அவளுடையது. எட்டு மாதத்துக்கு முன்புதான் பதிவாளர் அலுவலகத்தில், கூட வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள் சாட்சிக் கையெழுத்துப் போட, அவரைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் தெருவைப் பொறுத்தவரை அவர் ஒரு வாடகைக்காரர். மனைவியை இழந்த அவர், வெளியூரில் நண்பரோடு தங்கியிருப்பதாகத் தன் வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். காலண்டர்தான் தேய்ந்தது.

"ஆகலை. தனியாத்தான் இருக்கேன்" என்றாள். சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும் சத்தம். பதுங்கியிருந்தவரின் முழங்கை ஃப்ளஷ் மீது பட்டதோ என்னவோ.

"பூனை" என்றாள் நர்ஸம்மா.

"நல்லா பழக்கியிருக்கீங்க. எங்க வீட்டுல மனுஷங்களே ஃப்ளஷ் பண்றதில்லை" என்றாள் டீச்சர், சிரிக்காமல்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, நிதானமாகச் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். இந்தக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். பொய் சொன்னால் அபராதம். அதே சட்டம் தன் வாய்க்கும் பூட்டுப் போட்டிருக்கிறது. எழுதிய தாளைப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன, போலீஸே வந்து கேட்டாலும் காட்ட முடியாது.

"நீங்க மறைச்சா உங்களுக்கு அபராதம், நான் வெளிய சொன்னா எனக்கு ஜெயிலு. மூணு தெரு முடிச்சுட்டேன்மா. தொண்டை வரைக்கும் ரகசியம், சோறே இறங்க மாட்டேங்குது. கட்டின புருஷன்கிட்டகூட மூச்சு விடலை."

நர்ஸம்மா குளியலறைக் கதவைப் பார்த்தாள். எவ்வளவு பெரிய முரடனையும் குப்புறப் படுக்கவைத்து ஊசி போட்டவள் அவள். யாருக்குப் பயந்து இப்போது பூனைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்? இந்தக் கணக்கு பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். அடுத்த முறை அவளுக்கு எழுபத்தொன்று. அதுவரை இந்த நாட்டின் ஏட்டில் அவள் தனிக்கட்டையாகவும், அவர் எங்குமே இல்லாதவராகவும் கிடக்க வேண்டுமா? குளியலறைக்குள்ளும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னாள்.

"அடிச்சு எழுதுங்க டீச்சர். ரெண்டு பேர். கல்யாணம் ஆயிடுச்சு, எட்டு மாசம் ஆகுது."

டீச்சரின் முகம் மலர்ந்தது. இந்த வயதில் துணை தேடிக்கொள்ளத்தான் தைரியம் வேண்டும், வாழ்த்துகள் என்றாள். பிறகு, ஐயாவின் பெயர் என்ன என்று கேட்டாள். இதுவரை வெளியாளிடம் கணவர் என்று சொல்லி உச்சரிக்காத அந்தப் பெயரை, நர்ஸம்மா முதலெழுத்தோடு சேர்த்து முழுசாகச் சொன்னாள். சொல்லும்போது வெட்கம் வேறு வந்து தொலைத்தது.

டீச்சரின் பேனா அந்தரத்தில் நின்றது. மை தீர்ந்துவிட்டதோ என்று நர்ஸம்மா வேறு பேனா தேடினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக டீச்சர் அதை எழுதி முடித்தாள். முன்பிருந்த கலகலப்பு குரலில் இல்லை.

"வயசு?"

"அறுபத்தஞ்சு."

'அறுபத்தொன்பது' என்று எழுதினாள் டீச்சர். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நர்ஸம்மா மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் நிமிரவில்லை. பிறந்த ஊர், படிப்பு பத்தாம் வகுப்பு, ரயில்வே டிக்கெட் பரிசோதகர், ஓய்வு என்று மளமளவென எழுதிக்கொண்டே போனாள்.

"டீச்சர், அதெல்லாம் நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றாள் நர்ஸம்மா.

டீச்சர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து போய்க் குளியலறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அப்பா, வெளிய வாங்க. சட்டப்படி நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அண்ணன்கிட்ட நீங்களேதான் சொல்லியாகணும்."