காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள்

"முக்காட்ட எடு" என்றார் டிரஸ்ஸர் ஸ்டானிஸ்லாஸ்.

செல்லாயி முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். பளபளவென்ற மொட்டை. பின்னால் நின்ற வீரம்மாவும் கேட்காமலே தன் மொட்டைத் தலையைக் காட்டினாள். ஸ்டானிஸ்லாஸ் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

அது 1920. மலாயாவில் ஈப்போவுக்கு வெளியே, பல ரப்பர் தோட்டங்களுக்கும் பொதுவான சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் எப்போதாவது வருவார்; மற்ற நாளெல்லாம் மருந்தும் கட்டும் டிரஸ்ஸர் பொறுப்பு. விஷக்காய்ச்சல் மறுபடியும் வந்து, வராந்தாவில்கூடப் பாய் போட்டாகிவிட்டது. நோயாளிகளைக் கவனித்த சன்னாசிக்கு முதலில் தொற்றியது. அவனுக்குப் பிறகு ஆயா குழந்தையம்மாள். இரண்டு பேரையும் புதைத்துவிட்டு வந்த ஸ்டானிஸ்லாஸ், இனி வேலையாட்களில் ஒருவரையும் சாகவிட மாட்டேன் என்று துரையிடமே சண்டை போட்டுவிட்டார்.

ஒருமுறை இந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களை அது மறுபடி அண்டாது என்பது அவர் நம்பிக்கை; அவரே அப்படி எழுந்தவர்தான். அதனால் வார்டுக்குள் வேலை அவர்களுக்கு மட்டும்தான். மற்றபடி யாரும் வேலி தாண்டக் கூடாது, பெற்ற தாயாக இருந்தாலும் சரி. வேலிக்கு வெளியே நின்றவர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. மனுஷன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழுந்து எழுந்தவர்களுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். மிச்சத்தை வழித்துவிடுவார்கள். மொட்டைத் தலையோடு பெண்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள் என்று எல்லாத் தோட்டத்துக் கங்காணிகளுக்கும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எப்ப வந்துச்சு காய்ச்சல்?"

"போன மழையில, டிரஸ்ஸரய்யா. தஞ்சோங் மாலிம் பக்கம் இருந்தப்ப" என்றாள் செல்லாயி.

"எனக்கும் அங்கதாங்க" என்றாள் வீரம்மா.

செல்லாயியின் காதுக்கு மேலே கத்தி கீறிய இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "எரியும், பொறுத்துக்க" என்று அவரே பஞ்சில் டிஞ்சரைத் தொட்டு வைத்தார். பிறகு ஆளுக்கொரு வெள்ளைத் துணியை நீட்டினார்.

"மூக்கும் வாயும் மூடுற மாதிரி கட்டிக்கங்க. வெளிய வந்ததும் கார்பாலிக் சோப்புல கை கழுவணும். துணியக் கொதிக்கப் போடணும்."

"எங்களுக்குத்தான் திரும்பி வராதுங்களே. துணி எதுக்கு?"

"நான் நிம்மதியாத் தூங்கறதுக்கு. கட்டு."

இரண்டு பேரும் வேலையில் கெட்டிக்காரிகள். பீச்சட்டி எடுக்க முகம் சுளிக்கவில்லை, எச்சில் டின் கழுவத் தயங்கவில்லை. ஸ்டானிஸ்லாசுக்குப் பாதிப் பாரம் இறங்கியது போல இருந்தது.

ஒரே ஒரு நாள்தான் செல்லாயியிடம் கோபித்துக்கொண்டார். மூலைக் கட்டிலில் பாப்பா என்று ஒரு சிறுமி. அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது செல்லாயி துணியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தாள்.

"துணி எங்க? புள்ள உன் மூஞ்சியிலயே இருமுது."

"மூஞ்சியப் பாத்தாத்தாங்க வாயத் திறக்குது."

"உனக்கு ஏற்கெனவே வந்ததால தப்பிச்சே. இல்லேன்னா நானே உன்ன வெளிய தள்ளியிருப்பேன்" என்றார். அவள் துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டாள்.

வீரம்மாவிடம் அந்தக் குறையும் இல்லை. காலையில் அவர் வந்தவுடன் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிவிடுவாள். "மாயாண்டி அண்ணனுக்குத் தேவலங்க. கார்த்திகேசு ராத்திரி நல்லாத் தூங்கினாரு. நடுக்கட்டில் ஆளுக்குத்தான் இன்னும் அனல் அடிக்குது."

நடுக்கட்டிலில் கிடந்தது சதாசிவம். ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரன். கஞ்சி வேண்டாம் என்று அவன் முனகினால் வீரம்மா விடமாட்டாள். "குடிய்யா. செத்துப் போறதுக்கா இவ்வளவு தூரம் கப்பல்ல வந்தே?" என்று அதட்டுவாள். ஸ்டானிஸ்லாசுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த வாரக் கடைசியில், மத்தியான வெயிலில், பாப்பா இறந்துபோனாள்.

செல்லாயி அவளைக் குளிப்பாட்டினாள். தலை வாரினாள். வெள்ளைத் துணியில் சுற்றினாள். அப்புறம் எழுந்திருக்க முடியாமல் சுவரோடு சாய்ந்துவிட்டாள். ஓடி வந்து நெற்றியைத் தொட்ட ஸ்டானிஸ்லாஸ் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். நெருப்பாகக் கொதித்தது.

"எத்தன நாளா மறைச்சே? ஒருக்கா வந்தவங்களுக்கு இது திரும்ப வராதே."

"எனக்கு வந்ததே இல்லய்யா" என்றாள் செல்லாயி. "வேலிக்கு வெளிய நின்னா நீங்க உள்ள விடல. பாப்பா நான் பெத்த புள்ள."

ஸ்டானிஸ்லாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரைச் சாகவிட மாட்டேன் என்று ஊரையே பகைத்துக்கொண்டாரோ, அவளைத் தன் கையாலேயே காய்ச்சலுக்குள் அனுப்பியிருக்கிறார்.

வீரம்மா தண்ணீரோடு வந்து செல்லாயியின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். இவளாவது மிஞ்சினாளே என்று ஸ்டானிஸ்லாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே உன்னத்தான் நம்பியிருக்கேன், வீரம்மா. நீயாவது நெசமா காய்ச்சல் கண்டவதானே?"

நடுக்கட்டிலில் சதாசிவம் இருமினான். வீரம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த ஆளுக்குத்தாங்க நான் வாக்கப்பட்டிருக்கேன்."